பைப் கேமரா வாங்குறீங்களா? ஸ்கிரீன அப்புறம் பாருங்க, மொதல்ல ஹெட்டப் பாருங்க

சித்திரைத் திருவிழா முடிஞ்ச கையோட டிரெய்னேஜ் பைப்புக்குள்ள விட்டுப் பாக்குற கேமரா ஒண்ணு வாங்குனேன். எட்டு மாசம் ஆச்சு, எங்க மதுரைல தெற்கு மாசி வீதி பக்கத்துச் சந்துகள்ல இருந்து விளாங்குடி, கூடல் நகர், திருநகர் வரைக்கும் ஒரு அறுபது எழுபது வீட்டுல விட்டுப் பாத்தாச்சு. ப்ளம்பிங் பாக்குற தம்பிங்க நெறைய பேரு போன் போட்டு "அண்ணே எந்த கேமரா வாங்கலாம், எத்தன மெகாபிக்சல் இருக்கணும்"னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி முடியல, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்தேன். நான் 14 வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன், படிச்சது ஐடிஐ, எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

நான் வாங்குனது 23 எம்எம் ஹெட்டு (கேமராவும் லைட்டும் இருக்குற நுனிக் கட்டை), 30 மீட்டர் ஃபைபர் ராடு, 7 இன்ச் ஸ்கிரீன், ரெக்கார்டிங் உண்டு, ஹெட்டு தரைக்கு கீழ எங்க இருக்குன்னு மேல இருந்து கண்டுபிடிக்க 512 ஹெர்ட்ஸ் சோண்டும் (சிக்னல் அனுப்புற சின்னக் கருவி) உள்ளயே வச்சிருக்காங்க. 38 ஆயிரம் ஆச்சு. கம்பெனி பேரு சொல்லல, இதே பெட்டிய அஞ்சாறு பேருல விக்கிறாங்க, பேரு மாறுது உள்ள இருக்குற சாமான் ஒண்ணுதான். படம் நல்லா இருக்கு, பேட்டரி அரை நாள் தாங்குது, ரீல் சுத்துறதுக்கு சுளுவா இருக்கு, வெயில்ல ஸ்கிரீன் தெரியாது அதுக்கு ஒரு துண்டப் போத்திக்கலாம். இது வரைக்கும் எந்தக் கொறையும் இல்ல. கொறையெல்லாம் ஹெட்டுலதான்.

மொதல் பத்து வேலை நல்லாப் போச்சு. எல்லாம் 110 எம்எம் பைப்பு, நேர் லைன், சேம்பர் (சாக்கடை லைன் வந்து சேர்ற தொட்டி) மூடியத் தொறந்து உள்ள விட்டா 15 மீட்டர் கடகடன்னு போயிரும். பதினோராவது வேலை தெற்கு மாசி வீதிக்குப் பின்னாடி ஒரு பழைய வீடு. மாடில புதுசா பாத்ரூம் எடுத்துருக்காங்க, 50 எம்எம் வேஸ்ட் லைன், எடம் இல்லாததால நஹானி ட்ராப் (தரைல தண்ணி எறங்குற எடம்) தாண்டுன ஒடனே ரெண்டு எல்போவ (பைப்ப 90 டிகிரிக்குத் திருப்புற துண்டு) முதுகோட முதுகா ஒட்டி வச்சுருக்காய்ங்க. கேமரா மொத எல்போல போயி முட்டுச்சு. ராட முறுக்கிப் பாத்தேன், லேசா குத்திப் பாத்தேன், தண்ணி ஊத்திப் பாத்தேன், அசையல. ஸ்கிரீன்ல வெள்ளைச் செவுரு மாதிரி பைப்போட மறுபக்கம் மட்டும் தெரியுது. வீட்டுக்கார அம்மா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு "இம்புட்டு வெல குடுத்து வாங்கியும் போகலையாப்பா"ன்னு கேட்டாங்க. டைல்ஸ ஒடைக்காம பாக்கலாம்னுதான என்னய வரச் சொன்னாங்க, கடைசில ஒடச்சுத்தான் பாத்தோம். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

மறுநாள் காலைல ஹெட்டக் கழட்டி வெர்னியர் அளவுகோல வச்சு அளந்தேன். விக்கிறவங்க ஹெட்டு நீளம் 42 எம்எம்னு போட்டுருக்காங்க, அது பொய் இல்ல. ஆனா ஹெட்டுக்குப் பின்னாடி ஸ்ப்ரிங் ஆரம்பிக்கிற வரைக்கும் பித்தளைல ஒரு கப்ளிங் இருக்கு, அது 26 எம்எம். அதுவும் வளையாது. பைப்புக்கு கப்ளிங் என்ன ஹெட்டு என்ன, வளையாத கட்டை எல்லாம் ஒண்ணுதான். ஆக மொத்தம் 68 எம்எம். இதத்தான் தம்பிங்க மொதல்ல புரிஞ்சுக்கணும், விளம்பரத்துல இருக்குற நீளம் வேற, வளையாத நீளம் வேற.

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு, பள்ளிக்கூடத்துல படிச்ச 1.414 தான். கூர் மூலையா இருக்குற எல்போன்னா பைப்போட உள்விட்டத்த 1.414 ஆல பெருக்கு, அதுல ஹெட்டோட தடிமனக் கழி, வர்றத ரெண்டால பெருக்கு, அந்த நீளத்துக்கு மேல இருக்குற கட்டை மூலைல திரும்பாது. 50 எம்எம் பைப்புக்கு உள்ள ஒரு 45 எம்எம் இருக்கும்னு வைங்க. 45ஐ 1.414 ஆல பெருக்குனா 63.6, அதுல 23 போனா 40.6, ரெண்டு மடங்கு 81. நம்ம ஹெட்டு 68 தான, போயிருக்கணும்ல? அங்கதான் நான் ஏமாந்தேன். புது பைப்புல போயிருக்கும். அந்த வீட்டுல சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் முடியும் சேந்து ஒரு மூணு நாலு எம்எம் சுத்திலும் படிஞ்சு கெடந்துச்சு, உள்விட்டம் 38 ஆயிருச்சு. 38க்கு கணக்குப் போட்டா 61 தான் வருது. 68 எப்படித் திரும்பும்? அடைப்பு இருக்குற பைப்புக்குத்தான நம்மளக் கூப்பிடுவாங்க, சுத்தமான பைப்புக்கு யாரு கேமரா விடச் சொல்லுவா. அதனால எப்பவும் அழுக்கு பைப்போட அளவ வச்சுத்தான் கணக்குப் போடணும், அதுலயும் ஒரு 5 எம்எம் மிச்சம் விடணும்.

அந்தக் கணக்குக்குள்ள இன்னொரு விசயம் இருக்கு. தடிமன்ல 1 எம்எம் கொறச்சா நீளத்துல 2 எம்எம் எடம் கெடைக்குது. 23ஐ 17 ஆக்குனா 12 எம்எம் லாபம். அதனாலதான் சின்ன பைப்புக்குன்னு 17 எம்எம் ஹெட்டு தனியா விக்கிறாங்க. மெதுவா வளையிற லாங் பெண்டா இருந்தா இந்தக் கணக்கு இன்னும் தாராளமா வரும், ஆனா நம்ம ஊரு மேஸ்திரிங்க எடம் மிச்சம் பண்ண எல்போதான் போடுவாங்க, அதுக்குத்தான் தயாராப் போகணும்.

மாசி வீதில தேர் திரும்புறதப் பாத்துருப்பீங்க. அம்புட்டு பெரிய தேர் மூலைல எப்படித் திரும்புது, சக்கரத்துக்குச் சறுக்குக் கட்டை குடுத்து கொஞ்சம் கொஞ்சமா தெச மாத்துறாங்க, முன்னாடி வடம் இழுக்குது. இழுக்குறதுல ஒரு சௌகரியம் இருக்கு, இழுக்குற பக்கம் சாமான் தானா வரும். நம்ம கேமராவ பின்னாடி இருந்து தள்ளுறோம். தள்ளுனா அது நேராத்தான் போகப் பாக்கும், மூலை வந்தா செவுத்துலதான் மோதும். அப்ப அந்தச் சறுக்குக் கட்டை வேலைய யாரு செய்யணும்? ஹெட்டோட மூக்குதான் செய்யணும். என் ஹெட்டோட மூக்கு தட்டையா, ஓரம் கூரா, ஏதோ டார்ச் லைட்டு மாதிரி இருந்துச்சு. ஜாயிண்ட்ல பைப் முழுசா சாக்கெட்டுக்குள்ள போகாம 2 எம்எம் திட்டு இருந்தாலே போதும், அந்த ஓரம் அதுல போயி உக்காந்துக்கும். எவ்வளவு தள்ளுனாலும் செவுத்தத் தள்ளுற மாதிரிதான். ஓரத்த 30 டிகிரிக்கு சரிச்சு, அந்தச் சரிவு முடியிற எடத்தையும் உருட்டி விட்டா, தள்ளுறப்பவே மூக்கு மேல ஏறி திட்டத் தாண்டிரும். இம்புட்டுதான் வித்தியாசம், ஆனா வேலை முடியிறதும் முடியாததும் இதுலதான் இருக்கு.

அப்ப மூக்க முழுசா முட்டை மாதிரி உருண்டையா வச்சுரலாமேன்னு கேப்பீங்க. வைக்கலாம், கண்ணாடி முன்னாடி வந்துரும். வந்தா கீறல் விழும், எல்இடி வெளிச்சமும் வளைஞ்ச கண்ணாடில பட்டு திரும்பி அடிச்சு படம் நடுவுல வெள்ளையாயிரும். கண்ணாடிய உள்ள தள்ளி வச்சா கீறல் இல்ல, ஆனா அந்தக் குழில சேறு அப்பிக்கும், ஒவ்வொரு தடவையும் வெளிய இழுத்து தொடைக்கணும். நல்ல ஹெட்டுல கண்ணாடி தட்டையா இருக்கும், சுத்தி உள்ள வளையம் அரை எம்எம் மட்டும் எந்திரிச்சு நிக்கும், வளையத்தோட வெளி ஓரம் உருண்டையா இருக்கும். கண்ணாடி சஃபையரா இருந்தா இன்னும் விசேஷம், அது கடினத்த அளக்குற மோஸ் அளவுல 9, மணலெல்லாம் 7 தான், மணல் பட்டு கீறாது. சாதாக் கண்ணாடி மூணு மாசத்துல மங்கிரும், என்னோடது மங்கிருச்சு.

முன்பக்கத்த எல்லாரும் பாப்பாங்க, பின்பக்கத்த யாரும் பாக்க மாட்டாங்க. கூடல் நகர்ல ஒரு வீட்டுல ஹெட்டு உள்ள அழகாப் போச்சு, அடைப்பையும் பாத்துட்டோம், திரும்ப இழுத்தா வரல. ஹெட்டோட பின் தோள்பட்டை கூரா, படி மாதிரி இருந்துச்சு, அது ஜாயிண்ட் திட்டுல பின்னாடி இருந்து கொக்கி மாதிரி மாட்டிக்கிச்சு. முக்கா மணி நேரம். கூட வந்த தம்பி வெடுக்குன்னு இழுக்கப் பாத்தான், நான் கையப் பிடிச்சுட்டேன், வெடுக்குன்னு இழுத்தா வயரு அந்துரும், 38 ஆயிரம் பைப்புக்குள்ளயே தங்கிரும். பைய முன்னாடி ஒரு சாண் தள்ளி, ராட அரைச் சுத்து முறுக்கி, முறுக்கோடயே இழுத்தேன், அதுக்கப்புறம்தான் வந்துச்சு. உள்ள போறத விட வெளிய வர்றது முக்கியம், அதனால பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே சரிவா இருக்கணும். கடைல ஹெட்டக் கையில வாங்குன ஒடனே நகத்த வச்சு பின்னாடி இருந்து முன்னாடி தடவிப் பாருங்க, எங்கயாவது நகம் மாட்டுச்சுன்னா பைப்புலயும் அங்கதான் மாட்டும்.

இதெல்லாம் எழுதி வச்சுக்கிட்டு புதூர் சிட்கோ எஸ்டேட்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அண்ணன் 30 வருசமா லேத்துல நிக்கிறவரு. ஹெட்ட வாங்கி உள்ளங்கைல வச்சு உருட்டிப் பாத்தாரு, கேமரா என்ன ஏதுன்னு ஒண்ணும் கேக்கல, "இது எங்க போகணும்"னு மட்டும் கேட்டாரு. நான் கொண்டு போன எல்போவக் காட்டுனேன். எல்போக்குள்ள ஹெட்ட விட்டு, அது முட்டுற எடத்துல மார்க்கர் பேனாவுல கோடு போட்டாரு. அப்புறம் சொன்னாரு, "தம்பி, இந்தக் கப்ளிங் எதுக்கு இம்புட்டு நீளம், மரை நாலு சுத்து பிடிச்சாப் போதாதா, இது பதினாறு சுத்து இருக்கு." அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு, படிச்சவன் டிசைன் பண்ணதுல இருக்குற தப்ப இவரு ஒரு பார்வைல சொல்லிட்டாரு. 26 எம்எம் கப்ளிங்க கழட்டிட்டு 10 எம்எம்ல எஸ்எஸ் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல புதுசு கடைஞ்சு குடுத்தாரு. உள்ள போற நாலு வயரையும் நானே சால்டர் பண்ணேன். ஹெட்டுக்கு மேல மாட்டுறதுக்கு டெல்ரின்ங்கிற கெட்டி பிளாஸ்டிக்ல ஒரு மூக்கு வளையமும் கடைஞ்சாரு, முன்ன பின்ன ரெண்டு பக்கமும் 30 டிகிரி சரிவு. டெல்ரின் ஏன்னா அது வழுக்கும், பிவிசில ஒரசுனா பிடிக்காது, ஒடஞ்சாலும் மலிவா மாத்திக்கலாம். மொத்தம் 850 ரூபா வாங்குனாரு. வளையாத நீளம் 68ல இருந்து 52 ஆச்சு.

அந்த வளையத்தால தடிமன் 23 இல்ல 26 ஆயிருச்சு, மறைக்கல, அதுக்கும் கணக்குப் போட்டேன். 38 உள்விட்டத்துக்கு 26 தடிமன்னா 55 வரை போகலாம், 52க்கு மயிரிழை எடம்தான். அதனால வளையத்த 63, 75 எம்எம் லைனுக்கு மட்டும் மாட்டுறேன், 50க்கு வளையம் இல்லாம வெறும் ஹெட்டோட ஓரத்தையே எமரி வச்சு தேச்சு உருட்டிட்டேன். மாடி பாத்ரூம் லைனா இதுவரைக்கும் எட்டு பாத்தாச்சு, ஏழுல திரும்பிருச்சு. எட்டாவதுல போகாததுக்குக் காரணம் ஹெட்டு இல்ல, உள்ள சிமெண்டு கொட்டி ஒறைஞ்சு கெடந்துச்சு.

ஸ்ப்ரிங் பத்தி சொல்லணும். ஹெட்டுக்கும் ராடுக்கும் நடுவுல இருக்குற அந்த ஒரு சாண் ஸ்ப்ரிங்தான் கழுத்து. ரொம்ப வெறைப்பா இருந்தா எல்போல ஹெட்டு திரும்புனாலும் கழுத்து திரும்பாது. ரொம்ப சாஃப்டா இருந்தா இன்னொரு வினை வரும், 110 பைப்புல அடைப்புல முட்டுன ஒடனே ஹெட்டு அப்படியே மடிஞ்சு நம்மளப் பாத்து திரும்பிரும், ஸ்கிரீன்ல நம்ம ராடே தெரியும். மொத தடவ அதப் பாத்தப்ப எனக்கு கை நடுங்கிருச்சு, மடிஞ்சபடி இழுத்தா பைப்புல ஆப்பு மாதிரி எறங்கிரும். நல்ல கழுத்துன்னா ஹெட்டு பக்கம் சாஃப்டாவும் ராடு பக்கம் போகப் போக வெறைப்பாவும் இருக்கணும், மூங்கில் கழி நுனி வளையிற மாதிரி, அடி வளையாத மாதிரி. ஒரே மாதிரி ஸ்ப்ரிங் போட்டுருந்தா ராடும் ஸ்ப்ரிங்கும் சேர்ற எடத்துலதான் எல்லா வளைவும் போயி விழும், அங்கதான் ஃபைபர் கீறி முறியும். கையில வாங்கி ரெண்டு கைல பிடிச்சு வளைச்சுப் பாருங்க, வளைவு ஒரே எடத்துல ஒடியிற மாதிரி விழுந்தா வேணாம், வில்லு மாதிரி சீரா வந்தா வாங்கலாம்.

இன்னொண்ணு, எத்தன எல்போ தாண்டும்னு கேக்குறாங்க. ஒவ்வொரு எல்போவும் நம்ம தள்ளுற பலத்தத் திங்கும், கூட்டல் கணக்குல இல்ல, பெருக்கல் கணக்குல. மரத்தச் சுத்தி கயிறப் போட்டுப் பிடிச்சா ஒத்த ஆளு மாட்ட நிப்பாட்டுறாருல்ல, அதே தத்துவம்தான். உரசல் எண் 0.3ன்னு வச்சா ஒரு 90 டிகிரி எல்போக்கு 1.6 மடங்கு பலம் வேணும், நாலு எல்போன்னா ஆறரை மடங்கு. அதே பைப்ப ஈரமா வச்சு உரசல 0.15க்குக் கொண்டு வந்தா ஒரு எல்போக்கு 1.27, நாலுக்கும் சேத்து ரெண்டரை மடங்குதான். அதனால கொழாயத் தொறந்து விட்டுட்டு, தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும்போது தள்ளுங்க, சோப்புத் தண்ணி ஊத்துனா இன்னும் நல்லது. நாலாவது எல்போக்கு மேல நான் மேல இருந்து தள்ளுறதே இல்ல, சேம்பர் பக்கம் இருந்து திருப்பி விட்டுருவேன்.

இப்ப சென்சார் விசயம். மெகாபிக்சல் கேட்டு போன் போடுற தம்பிங்களுக்குச் சொல்றேன், 2019லேயே ஓம்னிவிஷன் கம்பெனி 0.575 எம்எம்க்கு 0.575 எம்எம் சைஸ்ல சென்சார் போட்டு கின்னஸ்ல எடம் பிடிச்சுட்டாங்க, மிளகுல பாதி கூட இல்ல, ஆஸ்பத்திரில உடம்புக்குள்ள விட்டுப் பாக்குறதுக்காகப் பண்ணது. சின்ன சென்சாருங்க வர்றதுக்கு முன்னாடி வளையிற கருவில படத்த கண்ணாடி இழைக் கட்டு வழியாத்தான் வெளிய கொண்டு வந்தாங்க, வளையிற இழைக் கட்டுல படம் வரும்னு 1954ல காட்டுனவங்கள்ல ஒருத்தரு நரிந்தர் சிங் கபானி, பஞ்சாப்ல பொறந்தவரு. அப்ப சென்சார் இம்புட்டு சின்னதா ஆனப்புறமும் நம்ம ஹெட்டு ஏன் 23 எம்எம்? கண்ணாடி, எல்இடி வளையம், தண்ணி எறங்காம தடுக்குற ரப்பர் வளையமான ஓ-ரிங், அது உக்கார்ற காடி, வயரு, சோண்டு, இதெல்லாம்தான் எடத்தப் பிடிக்குது. ஓ-ரிங் ஒண்ணுக்கு ரெண்டா போட்டா தண்ணி எறங்காது, ஆனா காடிக்கு 4 எம்எம் நீளம் கூடும். ஹெட்டு டிசைன் பண்றவரு முழுக்க இந்த எம்எம்ம வச்சுத்தான் மல்லுக்கட்டணும், பிக்சல வச்சு இல்ல.

சோண்ட ஹெட்டுக்குள்ள வச்சதுதான் என் கேமரால எனக்குப் பிடிக்காத பெரிய விசயம். அது ஒண்ணே 15 எம்எம் எடுக்குது. அத ஸ்ப்ரிங்குக்குப் பின்னாடி தனிக் குப்பியா வச்சுருந்தா ஹெட்டு குட்டையா இருந்துருக்கும், நடுவுல ஸ்ப்ரிங் இருக்குறதால ரெண்டும் தனித்தனியா எல்போல திரும்பிரும். ரயில் பெட்டி பிரிச்சுப் பிரிச்சு கோத்துருக்குறதாலதான வளைவுல போகுது.

ஆனா சோண்டு வேணாம்னு சொல்லவே மாட்டேன். சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துல ஐப்பசி மழைல சாக்கடை வீட்டுக்குள்ள ஏறிருச்சு. அது அந்தக் காலத்து ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) பைப்பு, ஜாயிண்டுக்கு ஜாயிண்டு சிமெண்டு பூசுனது. கேமராவ விட்டா 9 மீட்டர்ல ஸ்கிரீன் பூரா பழுப்பு நெறத்துல கத்தையா முடி மாதிரி தொங்குது, பக்கத்துல போனா ஒவ்வொரு முடிலயும் தண்ணிச் சொட்டு நிக்குது. வேப்பமர வேரு. ஜாயிண்டு வெடிப்புல நூலு மாதிரி நொழைஞ்சு உள்ள வந்து புதர் ஆயிருச்சு. அந்த வீட்டு அப்பத்தா ஸ்கிரீன்கிட்ட வந்து உத்துப் பாத்து "ஏய்யா இது நாங்க வச்ச மரம்யா, அம்பது வருசம் இருக்கும்"னுச்சு. மேல ரிசீவர வச்சு பீப் சத்தம் எங்க உச்சத்துல இருக்கோ அங்க சாக்பீஸ்ல ஒரு வட்டம் போட்டேன், அந்த எடத்துல மட்டும் மூணடி தோண்டுனோம், சரியா அந்த ஜாயிண்டு. முன்னாடியெல்லாம் இதே வேலைக்கு சந்து முழுக்கத் தோண்டி, நாலு வீட்டுக்காரங்ககிட்ட திட்டு வாங்கி, ரெண்டு நாள் ஆகும். அன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்கு மண்ணு மூடிட்டோம். 512 ஹெர்ட்ஸ் ஏன்னா அந்த மாதிரி கொறைஞ்ச அலை வார்ப்பிரும்பு பைப்புலயும் வெளிய வரும், ஹெர்ட்ஸ் கூடக் கூட இரும்பு அத மறைச்சுரும்.

இதுல எனக்கு ஒரு பெரிய நிம்மதி உண்டு, அதச் சொல்லியே ஆகணும். முன்னாடி சேம்பர்ல அடைப்புன்னா ஒருத்தர எறக்கித்தான் பாப்பாங்க. 2013 சட்டப்படி பாதுகாப்பு இல்லாம சாக்கடைலயோ செப்டிக் டேங்குலயோ ஆள எறக்குறது குத்தம், ஆனாலும் "எட்டிப் பாத்துட்டு வாப்பா"ன்னு இன்னும் சொல்றவங்க இருக்காங்க. உள்ள இருக்குற ஹைட்ரஜன் சல்ஃபைடு மொதல்ல அழுகுன முட்டை மாதிரி நாறும், அளவு கூடுனா மூக்கு மரத்துப் போயி நாத்தமே தெரியாது, வாட போயிருச்சுன்னு நெனச்சு எறங்குறவன் அங்கயே விழுந்துருவான். எட்டிப் பாக்குற வேலைய இந்த ஹெட்டு பாத்துட்டா மனுசன் எதுக்கு எறங்கணும். செப்டிக் டேங்க் இன்லெட் பைப்பு, சேம்பர்ல இருந்து மெயினுக்குப் போற லைன், ரெண்டுமே இப்ப நான் மேல நின்னுக்கிட்டே பாக்குறேன். வீட்டுக்காரங்க யாரு ஆள எறக்கச் சொன்னாலும் நான் வேலைய விட்டுட்டு வந்துருவேன்.

தண்ணி எறங்குன கதை. ஐபி68ன்னு அட்டைல போட்டுருந்துச்சு, அதுக்கு அர்த்தம் தூசி போகாது, 1 மீட்டர விட ஆழத்துல தொடர்ந்து முங்குனாலும் தாங்கும்ங்கிறது, எவ்வளவு ஆழம் எவ்வளவு நேரம்ங்கிறத தயாரிக்கிறவங்கதான் சொல்லணும். அட்டைல அது இல்ல. ஆறாவது மாசம் கண்ணாடிக்குள்ள பனி பிடிச்ச மாதிரி ஆயிருச்சு. விக்கிறவங்களுக்கு அனுப்புனேன், மூணு வாரம் கழிச்சு "பயன்படுத்துனதுல கோளாறு"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நானே தொறந்து பாத்தா ஓ-ரிங் கல்லு மாதிரி இறுகி இருக்கு. பாத்ரூம் கழுவ ஆசிட் ஊத்துறாங்கல்ல, அந்தத் தண்ணிலயே முங்குனது. அதே அளவுல நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் வாங்கி சிலிகான் கிரீஸ் தடவி மாட்டுனேன், வெயில்ல ஒரு நாள் வச்சு ஈரத்த வத்த வச்சேன், சரியாயிருச்சு. இப்ப ஒவ்வொரு வேலை முடிஞ்சதும் ஒரு வாளி நல்ல தண்ணில ஹெட்ட அலசாம பெட்டில வைக்கிறதில்ல. டெட்டாலும் வேணாம் ஆசிடும் வேணாம், நல்ல தண்ணியும் துணியும் போதும்.

படம் சுத்தாம நேரா நிக்கிற செல்ஃப் லெவலிங் ஹெட்டு வேணுமான்னு கேட்டா, 110 லைன் மட்டும் பாக்குறவங்க வாங்கலாம். உள்ள எடை குண்டு வச்சு சுத்த விட்டுருப்பாங்க, அதனால ஹெட்டு நீளமும் தடிமனும் கூடும், 50 லைனுக்கு லாயக்கில்ல. அது இல்லாமயே தெச தெரியும், ஸ்கிரீன்ல தண்ணி எந்தப் பக்கம் நிக்குதோ அதான் அடி. 110 பைப்புல வெறும் ஹெட்ட விட்டா அடியில படுத்துக்கிட்டு சேத்தத்தான் காட்டும், அதுக்கு நட்சத்திரம் மாதிரி இருக்குற பிளாஸ்டிக் சறுக்கு ஒண்ணு மாட்டி ஹெட்ட நடுவுல தூக்கி வைங்க, படமே மாறிரும்.

போன்ல சொருகுற 5.5 எம்எம் கேமராவும் ஒண்ணு வச்சிருக்கேன், ஆயிரத்துச் சொச்சம்தான். வாஷ்பேசின் பாட்டில் ட்ராப், ஏசி தண்ணி வர்ற பைப்பு, செவுத்துக்குள்ள ஒழுகல் பாக்குறதுக்கு அருமையான சாமான். ஆனா அதோட வயரு துவண்டுரும், ரெண்டு மீட்டருக்கு மேல தள்ள முடியாது, ஃபோகஸும் கிட்டக்க நாலஞ்சு சென்டிமீட்டர்லதான் தெளிவா இருக்கும். டிரெய்னேஜுக்கு அத வாங்கிட்டு ஏமாறாதீங்க.

என் கேமராவுக்கு வாங்குன நெலமைல 5க்கு 2.5 குடுப்பேன், பட்டறைல திருத்துனப்புறம் 4. 17 எம்எம் ஹெட்டு, சோண்டு பின்னாடி தனியா, பின்பக்கம் சரிவு, சஃபையர் கண்ணாடி, இந்த நாலும் இருந்தா 10 ஆயிரம் கூடக் குடுத்தும் வாங்கலாம், அது எட்டு வேலைல வந்துரும்.

வாங்கப் போறவங்க கடைக்கு ஒண்ணு கொண்டு போங்க. 50 எம்எம் எல்போ ரெண்ட எடுத்து, ஒண்ணு ஒரு பக்கமும் இன்னொண்ணு வேற பக்கமும் திரும்புற மாதிரி ஒட்டி, ரெண்டு பக்கமும் ஒரு அடி பைப்பு சேத்து வைங்க, சொலூஷனோட 100 ரூபாக்குள்ள முடிஞ்சுரும். உள்ள கொஞ்சம் கிரீஸத் தடவி அதுல மணலத் தூவி விடுங்க. காசு குடுக்குறதுக்கு முன்னாடி ஹெட்ட அதுல விட்டு வெளிய எடுத்து, திருப்பி பின்னாடி இருந்தும் இழுத்துப் பாருங்க. போன மாசம் வடக்கு வெளி வீதில ஒரு கடைல ஒரு தம்பிக்கு கேமரா வாங்கப் போனப்ப இதத்தான் பண்ணோம், மூணு மாடல் காட்டுனாங்க, பெரிய ஸ்கிரீன் வச்ச ரெண்டும் மொத எல்போலயே நின்னுருச்சு, 4.3 இன்ச் ஸ்கிரீன் வச்ச 17 எம்எம் தான் ரெண்டையும் தாண்டி மறுபக்கம் வந்து எட்டிப் பாத்துச்சு. தம்பி அதத்தான் வாங்குனான், அந்த எல்போத் துண்ட கடைக்காரரு "இங்கயே வச்சுட்டுப் போங்கண்ணே, வர்றவங்களுக்குக் காட்டுறேன்"னு கேட்டு வாங்கிக்கிட்டாரு.